கடலிலை விளையாடின மூண்டாம் ஆட்டம்

மோனை,

இஞ்சை எல்லாரும் சுகம். நீயும் சுகமாய் இருப்பாய் எண்டு நினைச்சுக்கொண்டு நேரை விசயத்துக்கு வாறன், ஏனெண்டால் இதை வாய்க்குள்ளை அடக்கி வைச்சிருக்க என்னாலை ஏலாமல் கிடக்குது. எனக்கு எழுத்து வராதெண்டது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுறா. "மெல்லமாச் சொல்லுங்கோ, என்ரை கை என்ன மெசினே" எண்டு இப்பவே பேசத் தொடங்கியிட்டா. போனிலை சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போன் எடுத்தால் நீ "ஓமப்பா, சரியப்பா, வேலையாய் நிக்கிறன்" எண்டு வைச்சுப்போடுவாய். கடிதத்தை அப்பிடி வைக்கேலாது. இன்னொண்டும் கேள். இது உனக்கு மட்டும் எழுதிற கடிதம் இல்லை. இதின்ரை பிரதி ஒண்டை எங்கடை கடற்றொழிலாளர் சங்கத்திலை எல்லாருக்கும் வாசிக்கப்போகினம். உன்ரை மாமன்தான் அப்பிடிக் கேட்டவர். "என்னைப் பற்றி நீ என்ன எழுதுறாய் எண்டு நாலு பேருக்கு முன்னாலை நான் கேக்கவேணும் மச்சான்" எண்டவர். ஆனபடியால் இதிலை கூட்டிக் குறைச்சுச் சொல்ல எனக்கு வழியில்லை.

சங்க மண்டபத்திலை விளையாட்டு நடத்தின அண்டைக்கு நீ சோறும் தின்னாமல் கொழும்பு பஸ் ஏறினனி. ஏற முதல் அம்மாவிட்டைச் சொன்னனியாம், "சொந்தச் சனத்துக்கே என்னாலை விளங்கப்படுத்த ஏலேல்லை அம்மா. இந்த விளையாட்டு வேலையை விடப்போறன். கொழும்பிலை ஒரு கொம்பனி கேட்டிருக்கினம். ரண்டு கிழமை கழிச்சு வாற திங்கட்கிழமை பதில் சொல்லவேணும்" எண்டு. அந்தத் திங்களுக்கு முதல் இது உன்ரை கையுக்கு வரவேணும் எண்டுதான் இந்த அவசரம். ஒரு முடிவெடுக்க முதல் என்னத்தை அறிஞ்சிருக்கவேணும் எண்டு ஊர் ஊராய்ப் போய்ப் பழக்கிற ஆள் நீ. உன்ரை சொந்த முடிவுக்கு வேண்டிய சேதி ஒண்டு உன்ரை கையிலை இல்லை. நீ பஸ் ஏறினாப் பிறகு இஞ்சை என்ன நடந்ததெண்டு உனக்குத் தெரியாது. தெரிஞ்சுகொண்டு பேந்து எந்தப் பதிலையும் சொல்லு.

சங்கத்திலை இருந்து கேக்கிற ஆக்களிலை அண்டைக்கு வராதவையும் இருப்பினம் எண்டபடியால் முதலிலையிருந்து சொல்லுறன், நீ பொறுத்துக்கொள். யாழ்ப்பாணத்திலை நீ வேலை செய்யிற இடத்திலையிருந்து ரண்டு பெரியாக்களையும் கூட்டிக்கொண்டு, ஒரு பெட்டியும் லப்டொப்பும் தூக்கிக்கொண்டு சங்க மண்டபத்துக்கு வந்தாய். நாலு மேசை போட்டாய். ஒவ்வொரு மேசையும் ஒரு மீன் கொம்பனி எண்டாய். மெய்யான மீன் இல்லை, கடற்கரையிலை பொறுக்கிற சோகிதான் மீன். ஒரு ஆட்டம் எண்டால் ஒரு மாதம். எவ்வளவு மீன் எடுக்கிறது, எவ்வளவு ஐஸ் போடுறது, யாழ்ப்பாண டவுன் சந்தைக்கு அனுப்புறதோ, அச்சுவேலிக்கோ, லொறி பிடிச்சு வவுனியாவுக்கோ, இல்லாட்டில் கருவாடு போடுறதோ எண்டு மேசைக்குள்ளை கதைச்சு ஒரு துண்டிலை எழுதித் தரவேணும். நாலு துண்டையும் நீ லப்டொப்பிலை அடிச்சால் அது நாலு கொம்பனியின்ரை கதியையும் சொல்லும். கேட்ட உடனை எனக்கு வந்த சந்தோசப் புளுகத்தைச் சொல்லேலாது. இந்த வயசிலை எனக்கொரு கொம்பனி! என்ரை மேசையிலை கருவாடு போடுற பூமணியும், டவுன் சந்தையிலை மீன் விக்கிற நிசாரும். நிசாரைச் சின்னப் பொடியனாய் இருக்கேக்கை தொண்ணூறாம் ஆண்டிலை அவையின்ரை முஸ்லிம் சனத்தோடை யாழ்ப்பாணத்தை விட்டுக் கலைச்சது. புத்தளத்திலை வளர்ந்து, பேந்து திரும்பி வந்து தேப்பன் இருந்த அதே சந்தையிலை இருக்கிறவன். வாசிப்பான், விலை அறிவான். பக்கத்து மேசையிலை உன்ரை மாமன், மீசையை முறுக்கிக்கொண்டு.

முதல் ஆட்டத்துக்கு நீ ஒரே ஒரு கடுதாசி தந்தாய். போன மாதம் எந்தச் சந்தையிலை என்ன விலை எண்டு அதிலை இருந்தது. டவுனிலை நல்ல விலை. பிறகென்ன கதை? எல்லாத்தையும் டவுனுக்கு அனுப்பு எண்டு நான் சொல்ல, நிசார் எழுதினான். மாமன்ரை மேசையும் டவுன். மற்ற ரண்டும் டவுன். நீ அடிச்சுப்போட்டு லப்டொப்பைத் திருப்பிக் காட்டினாய். நாலு கொம்பனியும் படுத்திட்டுது. மீன் முழுக்க நாறிப்போச்சாம். மாமன் எழும்பினார்.

"மருமோன், உன்ரை பெட்டிக்கு உப்புத்தண்ணி பட்டிட்டுது போலை. ஒருக்கால் வெய்யிலிலை காயவை."

"பெட்டி சரி மாமா" எண்டு நீ சிரிச்சாய். "நாலு மேசையும் ஒரே சந்தையிலை கொண்டுபோய்க் கொட்டினால் விலை நிக்குமே? பக்கத்து மேசை எங்கை அனுப்பப்போகுது எண்டு கேட்டிருக்கலாம். கேக்கக்கூடாதெண்டு நான் சொல்லேல்லையே."

"கேக்கிறதோ! வெளிக்கிடுறவனைப் பாத்து எங்கை எண்டு கேக்கிற பழக்கம் எங்கடை கரைக்கு எப்பையடா வந்தது?"

மண்டபம் முழுக்கச் சிரிச்சுது. நானும்தான் சிரிச்சனான். ஆனால் மாமன் சொன்னது பகிடி இல்லை, அது உனக்கும் தெரியும். எங்கடை கரையிலை போட் இறக்கிறவனை ஒருத்தரும் எங்கை போறாய் எண்டு கேக்கமாட்டினம். கேட்டால் அண்டையான் தொழில் போச்சு. கரைக்கு வந்தவனை எவ்வளவு பட்டது எண்டும் வாய் விட்டுக் கேக்கிறதில்லை, கண்ணூறு. கூடையைத் திறந்தால் கடைக்கண்ணாலை பாக்கிறதோடை சரி. நீ அந்த ஆட்டத்துக்குள்ளை வைச்ச சேதியளுக்குள்ளை பெறுமதியான சேதி, காசு குடுக்காமல் பக்கத்துக் கதிரையிலை குந்தியிருந்தது. நாலு மேசையும் அதைக் கேக்கேல்லை. வேறை ஊர் ஆக்கள் எண்டால் கேட்டிருப்பினம். நாங்கள் தலை போனாலும் கேக்கமாட்டம்.

ரண்டாம் ஆட்டத்துக்கு நீ ஒரு கட்டுக் கடுதாசி தந்தாய். காத்து எப்பிடி, ஐஸ் எவ்வளவு, லொறி கிடைக்குமோ, கோயில் திருவிழா எப்ப, போன மாதம் மற்ற மேசையள் என்ன செய்தவை, எல்லாம் இருந்தது. நான் இடுப்பிலை சாரத்தை இறுக்கிக் கட்டினன். இனி எங்களை ஆர் வெல்லுறது எண்டு நினைச்சன். நிசார் ஒண்டொண்டாய் வாசிச்சான், வாசிச்சான், வாசிச்சுக்கொண்டே இருந்தான். பூமணிக்கு நித்திரை தூங்கிச்சுது. "அண்ணை, காத்துக் கடுதாசி முடிஞ்சுது, இனி ஐஸ்" எண்டு அவன் சொல்லேக்கை காத்துக் கடுதாசியிலை என்ன இருந்ததெண்டு எனக்கு மறந்துபோச்சு. எனக்கு, மோனை! எந்த வருசம் எந்தக் கிழமை எந்தக் காத்து அடிச்சதெண்டு இப்பவும் சொல்லுவன். அந்த எனக்கு. கடைசியிலை நீ மணி அடிக்க, பயத்திலை முந்தி எழுதினதையே எழுதிக் குடுத்தம். வலை பாரமாய் வருகுதெண்டு ஆசையோடை இழுத்தால் முழுக்கச் சாதாழையாய்க் கிடக்குமே, கடலுக்கடியிலை முளைக்கிற அந்தப் புல்லு, அந்தமாதிரி. முதல் ஆட்டத்தை விட மோசமாய்ப் படுத்தம். ஒரு கடுதாசியோடை தோத்தனாங்கள், ஒரு கட்டோடை இன்னும் வடிவாய்த் தோத்தம்.

அதோடை மாமன் "வாங்கோடா, வீட்டை மெய்யான மீன் குழம்பு கிடக்கு" எண்டு அரைவாசிச் சனத்தை எழுப்பிக்கொண்டு போட்டார். பக்கத்துக் கிழக்குக்கரையிலையிருந்து வந்த பொடியள் உன்ரை கடுதாசிக் கட்டை மட்டும் "உதவும்" எண்டு சொல்லிச் சுருட்டிக்கொண்டு போனாங்கள். உன்னோடை வந்த பெரியாக்கள் மணிக்கூட்டைப் பாத்தினம். உன்ரை முகம் எனக்குத் தெரியும், சின்னனிலை மணலிலை கடை வைச்சு விளையாடேக்கை ஆடு வந்து கடையை மிதிச்சால் நீ வைக்கிற அதே முகம். ஆனால் அண்டைக்கு நீ அழேல்லை. மிச்சமாய் இருந்த எங்களை ஒரு மேசையிலை கூட்டி, "கடுதாசியளைத் தொடாதையுங்கோ" எண்டாய். "முதலிலை என்ன செய்யப்போறியள் எண்டு வாய் விட்டுச் சொல்லுங்கோ. பேந்து, என்னத்தைக் கேள்விப்பட்டால் அதைச் செய்யாமல் விடுவியள் எண்டு சொல்லுங்கோ. அந்தச் சேதியை மட்டும் தேடுங்கோ. பிழைச்சால் ஏன் பிழைச்சதெண்டு சொல்லிப்போட்டுத்தான் அடுத்த மாதம்." இவ்வளவுதான் நீ சொன்னது. சின்னச் சின்ன ஆட்டமாய் வைச்சுத் திருப்பித் திருப்பிச் செய்விச்சாய். முதல் தரம் பூமணி வாய் திறக்க வெக்கப்பட்டாள். பேந்து அவளை நிப்பாட்ட ஏலேல்லை. எனக்கு அந்தக் கட்டிலை எந்தக் கடுதாசி வேணும், எது வேண்டாம் எண்டு பிடிபடத் தொடங்கிச்சுது. இனி மூண்டாம் ஆட்டம், மெய்யான ஆட்டம் எண்டு நீ சொல்ல, கரண்ட் நிண்டுது. லப்டொப்பிலையும் சார்ஜ் இல்லை. பெரியாக்கள் எழும்பியிட்டினம். அவையிலை ஒருத்தர் வாகனத்துக்குக் கிட்ட நிண்டு, "ஊராக்களுக்கு இது சரிவராது தம்பி" எண்டு சொன்னது என்ரை காதிலையும் விழுந்தது. நீ பெட்டியையும் லப்டொப்பையும் கொண்டுவந்து வீட்டிலை வைச்சிட்டு பஸ் ஏறியிட்டாய்.

இந்த இடத்திலை அம்மா பேனையை வைச்சிட்டு, "அவனுக்குப் பங்கர் கதையைச் சொல்லுங்கோ" எண்டுறா. சொல்லுறன். பிளேன் வந்து குண்டு போட்ட காலத்திலை எங்கடை வளவிலை ஒரு பங்கர் வெட்டியிருந்தம். உனக்கு அப்ப நாலு வயசிருக்கும். அம்மா உன்னையும் அக்காவையும் வைச்சு ஒரு விளையாட்டு நடத்துவா. கையைத் தட்டினால் ஓடிப்போய்ப் பங்கருக்குள்ளை குதிச்சுக் காதைப் பொத்தவேணும். முந்தினவைக்குப் பனங்கட்டி. சமைக்கேக்கை தட்டுவா, தோயவாக்கேக்கை தட்டுவா, நீ சவுக்கார நுரையோடை அம்மணமாய் ஓடுவாய். நான் பாத்துச் சிரிப்பன். எனக்கு அந்த விளையாட்டுத் தேவைப்படேல்லை, ஏனெண்டால் எனக்கு எல்லாம் தெரியும். சத்தத்தை வைச்சு எந்தப் பிளேன், எந்தப் பக்கத்தாலை வருகுது, எவ்வளவு கிட்ட எண்டு ஊருக்கே நான்தான் சொல்லுறனான். ஒருநாள் காலமை மெய்யாகவே வந்தது. எனக்குச் சத்தம் கேட்டுது, திசை தெரிஞ்சுது, வட்டம் அடிச்சுப் பதியிறதும் தெரிஞ்சுது. தெரிஞ்சு என்ன செய்தனான்? வேலியிலை காயப்போட்ட வலையை மடிக்கத் தொடங்கினனான்! இண்டைக்கு வரைக்கும் ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை. நீ ஒண்டும் தெரியாத குழந்தை. நீதான் ஓடி வந்து என்ரை சாரத்தைப் பிடிச்சு, "அப்பா, குதி, குதி" எண்டு இழுத்தாய். சாரம் கழண்டுபோகும் எண்ட பயத்திலை உனக்குப் பின்னாலை ஓடினன். பங்கருக்குள்ளை நீ காதைப் பொத்திக்கொண்டு கேட்டது, "எனக்குத்தானே பனங்கட்டி?" எல்லாம் தெரிஞ்ச நான் வலை மடிச்சன், விளையாடிப் பழகின உன்ரை கால் ஓடிச்சுது. அந்தப் பிள்ளைதான் இப்ப வளந்து ஊர் ஊராய் விளையாட்டுப் பெட்டி தூக்கிக்கொண்டு திரியிறான் எண்டு நான் அண்டைக்கு மண்டபத்திலை யோசிச்சுக்கொண்டிருந்தனான். உனக்குச் சொல்ல நேரம் கிடைக்கேல்லை.

இனித்தான் சேதி. நீ போய் ஒரு கிழமை ஆகேல்லை, நல்லூர்த் திருவிழா நடக்குது, டவுனிலை அரைவாசிச் சனம் மீன் மச்சம் தொடாமல் இருக்குது. அந்த நேரம் பாத்து சூடை மீன் கூட்டங் கூட்டமாய் வந்தது மோனை! சூடை எண்டால் இப்பிடிச் சூடையை நான் கண்டு கன காலம். தண்ணி கொதிக்கிறமாதிரி. விடிஞ்சு போட்டுகள் ஒவ்வொண்டாய்க் கரைக்கு வருகுது, ஒவ்வொண்டும் விளிம்பு மட்டும் தண்ணிக்குள்ளை தாண்டு வருகுது. சனம் முதலிலை கூத்தாடிச்சுது. பேந்து ஒருத்தற்றை முகத்திலையும் சிரிப்பில்லை. எல்லாருக்கும் பட்டிருக்கு எண்டு எல்லாருக்கும் தெரியுது. ஆனால் ஒருத்தரும் ஒருத்தரையும் கேக்கினமில்லை. எல்லாற்றை கண்ணும் டவுன் லொறியிலை. போன தரம் இப்பிடிப் பட்டபோது என்ன நடந்ததெண்டு இந்தக் கரைக்குத் தெரியும், கிடங்கு வெட்டி மீனைத் தாட்டனாங்கள்.

நான் என்ரை ஐஸ் பெட்டியைத் தூக்கி லொறிக்குள்ளை வைக்கப் போனன். வைக்கப் போன கை நிண்டுது. வாய் தானாய்ச் சொல்லுது, "நான் இதை டவுனுக்கு அனுப்பப்போறன். என்னத்தைக் கேள்விப்பட்டால் அனுப்பாமல் விடுவன்?" பக்கத்திலை நிண்ட நிசார் என்னைத் திரும்பிப் பாத்தான். அவன்ரை முகத்திலையும் ஒரு வெளிச்சம். "மற்றப் போட்டுக்காரர் எங்கை அனுப்பினம் எண்டு கேள்விப்பட்டால், அண்ணை." நேரை உன்ரை மாமனிட்டைப் போனன்.

"மச்சான், உன்ரை போட்டிலை எவ்வளவு? எங்கை அனுப்பப்போறாய்?"

மாமன்ரை கையிலை இருந்த பனையோலைக் கடகம் விழுந்துபோச்சு. "எங்கை எண்டு கேட்டிட்டியே! வெளிக்கிடேக்கை வாயாலை கேட்டிட்டியே! என்ரை வாயிலை என்னெல்லாமோ வருகுது, தங்கச்சியின்ரை தாலிக்காண்டிப் பேசாமல் நிக்கிறன்!"

கரை முழுக்க எங்களைப் பாக்குது. இந்த இடத்தை நீ பழக்கேல்லை மோனை, உன்ரை பெட்டிக்குள்ளை இதுக்குக் கடுதாசி இல்லை. அப்ப பூமணி ஒரு கவிட்ட பெட்டிக்கு மேலை ஏறி நிண்டாள். "கேக்கிறதுதானே குற்றம்? சொல்லுறது குற்றமில்லையே. ஒருத்தரும் என்னைக் கேக்கவேண்டாம், நானாய்ச் சொல்லுறன். என்னட்டை உப்புக் கிடக்கு, காயப்போடப் பாயும் வெறுமையாய்க் கிடக்கு. ரண்டு போட்டுச் சூடையை நான் எடுப்பன்" எண்டு சத்தமாய்ச் சொல்லிப்போட்டு இறங்கியிட்டாள். எனக்கு வழி தெரிஞ்சுது. நானும் ஏறினன். "என்ரை போட் நிரம்பக் கிடக்கு. ஒரு பெட்டியும் டவுனுக்கு அனுப்பமாட்டன்." அவ்வளவுதான். முதலிலை ஒருத்தன் காத்தைப் பாத்துச் சொல்லுறமாதிரித் தன்ரையைச் சொன்னான். பேந்து இன்னொருத்தன். கடலைப் பாத்து, மணலைப் பாத்து, ஒருத்தற்றை முகத்தையும் பாக்காமல் கரை முழுக்கச் சொல்லத் தொடங்கிச்சுது! கூட்டிப் பாத்தால் டவுன் ஒரு கிழமைக்குத் தின்னாத சூடை அந்தக் கரையிலை கிடக்குது. கடைசியாய் மாமன். போட்டுக்குப் பக்கத்திலை நிண்ட நாய்க்குட்டியைத் தடவிக்கொண்டு, "டேய், எங்கடை போட்டிலைதானடா எல்லாரையும் விடக் கனக்க" எண்டார். நாய்க்குச் சொன்னதாம்.

நிசார் போனை எடுத்தான். அவன்ரை போனிலை எல்லாச் சந்தை விலையும் வரும், ஒண்டையும் பாக்கேல்லை. வவுனியாவிலை மீன் வாங்கி விக்கிற ஒரே ஒரு ஆளுக்கு எடுத்து, "நீங்கள் எவ்வளவு தாங்குவியள்" எண்டு ஒண்டே ஒண்டு கேட்டான். பேந்து கரையிலையே நிண்டு பிரிச்சம். கனக்க வவுனியாவுக்கு, ரண்டு போட்டு பூமணிக்கு, கொஞ்சம் அச்சுவேலிக்கு, டவுனுக்கு நிசார் விக்கக்கூடின அளவு மட்டும். அவன் இருக்கிற பக்கம் திருவிழா நாளிலையும் மீன் காய்ச்சுவினம்தானே. கிடங்கு வெட்டேல்லை மோனை. ஒரு கிடங்கும் வெட்டேல்லை!

எல்லாம் வாய்ச்சதெண்டு நினையாதை. ஐஸ் எவ்வளவு கிடக்கெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அவ்வளவு லொறிக்கும் காணுமே? வவுனியாவுக்குப் போனதிலை கடைசி லொறி நாறிப்போய்த்தான் இறங்கிச்சுது. அதிலை போனது மாமன்ரை சூடை. அண்டைக்குப் பின்னேரம் அவர் வந்து நிண்ட நிலையைப் பாத்து அம்மா கதவைச் சாத்தப் பாத்தா. நான், "மச்சான், பேசுறதைப் பேந்து பேசு. ஏன் பிழைச்சதெண்டு முதலிலை சொல்லு" எண்டன். அவர் கதிரையை இழுத்து இருந்தார். "ஐஸ்" எண்டார். அடுத்தநாளும் சூடை வந்தது. விடிய முதலே மாமன்தான் ஐஸ் தொழிற்சாலை வாசலிலை நிண்டது. அந்தப் பிழை இன்னொருக்கால் நடக்கேல்லை. முந்தி நாங்கள் ஒரு பிழையை எத்தினை வருசம் பத்திரமாய் வைச்சிருந்து திருப்பித் திருப்பிச் செய்வம் எண்டு யோசிச்சுப் பார்.

கிழக்குக்கரையிலை என்ன நடந்ததெண்டும் சொல்லவேணும். அங்கையும் அதே சூடை. அவங்கடை கையிலை உன்ரை கடுதாசிக் கட்டு இருந்தது, போன் இருந்தது, டவுனிலை விலை விழுகுதெண்டு போனிலை வந்த சேதியும் இருந்தது. இருந்தும் ஒருத்தனும் வாய் திறக்காமல் எல்லாத்தையும் டவுனுக்குக் கொண்டுபோய்க் கொட்டிப்போட்டுத் திரும்பி வந்து தாட்டாங்கள். அவங்கள் எங்களை விட மொக்கர் இல்லை மோனை. நான் அண்டைக்கு மத்தியானம் உன்ரை மேசையிலை இருந்திராட்டில் நானும் அந்தக் கிடங்குக்குப் பக்கத்திலைதான் நிண்டிருப்பன். கடுதாசி எல்லாருக்கும் கிடைச்சுது. அதை என்ன செய்யிறதெண்டு கொஞ்சப் பேர்தான் பழகினவை. பழகினவைக்கும், கரை வாய் திறந்து சொல்லியிராட்டில், பழகினது உதவியிராது. உன்னோடை வந்த பெரியாக்களுக்கு இதைச் சொல்லு. ஊராக்களுக்குச் சரிவராதெண்டது அவையள் இடையிலை எழும்பிப் போனபடியால் வந்த கதை எண்டும் சொல்லு. மரியாதையாய்ச் சொல்லு.

நீ மூண்டாம் ஆட்டம் நடக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு போட்டாய். நடந்தது. நான் அதிலை விளையாடினனான்! எனக்கு இந்தக் கடல் பழசு, ஆனால் அண்டைக்குப் போலை ஒரு விடியல் எனக்கு வந்ததில்லை. பெட்டியைத் தூக்கப் போன கையை நிப்பாட்டிப்போட்டு என்னை நானே கேட்டனே, அந்த ஒரு நிமிசத்தை நினைக்க இப்பவும் மயிர் சிலிர்க்குது. அம்மா, "இவர் மூண்டு நாளாய் நித்திரையிலும் பெட்டி பிரிக்கிறார்" எண்டு தன்ரை பாட்டிலை எழுதுறா. எழுதட்டும்.

இப்ப உன்ரை திங்கட்கிழமைக்கு வருவம். கொழும்பு வேலையை எடுக்காதை எண்டு நான் சொல்லமாட்டன். எல்லாரையும் போலை உனக்கும் ஒரு வாழ்க்கை வேணும், நல்ல இடமெண்டால் போ. மாமன் வேறைமாதிரிச் சொல்லுறார்: "அவனை வரச்சொல்லு, அந்தப் பெட்டியை நான் வெல்லாமல் விட்டால் நான் ஆம்பிளை இல்லை." அதைக் காதிலை போடாதை. ஆனால் உன்ரை முடிவுக்கு, 'சொந்தச் சனத்துக்கே விளங்கேல்லை' எண்டதை ஒரு காரணமாய் வைக்காதை. அது பிழையான சேதி. அதை வைச்சு முடிவெடுத்தால் உன்ரை முடிவும் படுத்திடும். வேறை காரணம் இருந்தால் அதோடை போ, நாங்கள் சந்தோசமாய் வழியனுப்புவம்.

போறதெண்டால் எனக்கு ஒண்டு செய்துபோட்டுப் போ. அந்தப் பெட்டியை நடத்த எனக்குப் பழக்கு. சிரியாதை. லப்டொப்பை நிசார் அடிப்பான், துண்டை அவனே வாசிப்பான். மேசைக்கு மேசை போய், "வாய் விட்டுச் சொல்லு, என்னத்தைக் கேட்டால் விடுவாய்" எண்டு கேக்கிறதுக்கு எழுத்து வேண்டாம். அது எனக்கு வரும். எப்பிடித் தோக்க விடுறது, எப்ப மணி அடிக்கிறது, கோவிச்சுக்கொண்டு எழும்பிறவனை எப்பிடி இருத்திறது, இதுகள்தான் எனக்குத் தெரியாது. நீ பழக்கினால் பிடிச்சிடுவன். அம்மா பேனையை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாக்கிறா. எனக்கு விசர் பிடிச்சிட்டுதெண்டு நினைக்கிறா போலை. இல்லை, சிரிக்கிறா.

இதையெல்லாம் யோசிக்கவே நேரமில்லை மோனை. நேற்று கிழக்குக்கரைச் சங்கத்திலையிருந்து நாலு பேர் வந்து, தங்கடை மண்டபத்திலையும் இந்த விளையாட்டை நடத்தித் தரச்சொல்லிக் கேட்டவை. எப்ப எண்டவை, ஞாயிற்றுக்கிழமை எண்டன். ஆர் வருவியள் எண்டவை. எங்கடை வீட்டிலையிருந்து ஒருத்தர் கட்டாயம் வருவம் எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன். அது நீயோ நானோ எண்டதைத்தான் இப்ப நீ சொல்லவேணும்.

உன்ரை அப்பா